காது குத்திய மீன்

காலையில் வேலியைத் துடைப்பதுதான் முதல் வேலை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கம்பி கம்பியாக நிற்கிற வேலியில் புல்லும் குச்சியும் செத்த நாய்ச் சால்மன் மீனும் வந்து அப்பிக் கிடக்கும். இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் தண்ணீர் முட்டி வேலியையே சாய்த்துவிடும். உயிரியல் படித்துவிட்டு வந்தவள் என்று பேர்தானே ஒழிய, நஸ்தாஸியாவின் வேலை பாதிக்குப் பாதி கூட்டிப் பெருக்குகிற வேலைதான்.

வேலிக்கு நடுவில் ஒரு வாசல். அதைத் திறந்துவிட்டு, மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி, கடந்து போகிற மீனை எண்ணுவார்கள். நாய்ச் சால்மன் வரும், சிவப்புச் சால்மன் வரும். அவற்றைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கேள்வியெல்லாம் ராஜா சால்மனைப் பற்றித்தான். ராஜாக்கள் போதுமான அளவு மேலேறி முட்டையிட்டால்தான் குஸ்கோக்விம் ஆற்றங்கரை ஊர்களுக்கு வலை போட உத்தரவு வரும். பல கோடைகளாக வரவில்லை. கடல் சூடாகிவிட்டது என்றார்கள், வேறு மீனுக்குப் போகிற கப்பல்காரன் வலையில் சிக்கிச் சாகிறது என்றார்கள். எதுவானாலும் வலை வேண்டாம் என்று சொல்லப்பட்டது ஆற்றங்கரைக்காரனுக்குத்தான்.

"ராஜாவே இல்லாத அரண்மனைக்கு நாம வாசக்காவல்," என்பான் கூட வேலை செய்யும் வாஸிலி. "சம்பளம் மட்டும் ஒழுங்கா வருது."

முதல் கோடையில் அதற்குச் சிரிப்பு வந்தது.

நஸ்தாஸியாவுக்கு இன்னொரு பெயர் உண்டு. பெரியம்மா அனுஸ்காவின் ஒரே மகன் அங்கையாக், பனி உடைகிற நேரத்தில் ஆற்றில் படகோடு போனவன். அடுத்து அந்தக் குடும்பத்தில் பிறந்தவள் இவள். செத்தவன் பெயரை அவளுக்கு வைத்தார்கள். இந்தப் பக்கம் ஆண் பெயர், பெண் பெயர் என்று பார்ப்பதில்லை. பெயர் வந்த இடத்துக்கு ஆளும் வந்துவிடுவான், அவ்வளவுதான். நஸ்தாஸியா என்பது பாதிரியாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள பெயர். அனுஸ்கா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "மகனே" என்பாள். கோபம் வந்தால் "ஏன்டா" என்பாள். இவளும் அவளை அம்மா என்று கூப்பிட்டே வளர்ந்தவள்.

கோடையின் முதல் ராஜாவின் தலையைச் சூப்பு வைத்து அனுஸ்கா இவளுக்குத்தான் முதலில் கொடுப்பாள். இவள் தின்றால் அவன் பசியாறுவான். எதிரே உட்கார்ந்து, கண்ணும் கன்னச் சதையும் போகிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள். வலை நின்றபின் கடைக் கோழியை ஆக்கிப் போட்டாள். பிறகு அதையும் நிறுத்தினாள். மகன் கனவில் வந்து வாசலில் நனைந்தபடி நிற்கிறான், உள்ளே கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான் என்றாள்.

இந்த வருஷம் நஸ்தாஸியா வேலிக்குக் கிளம்பிய அன்று, படகுவரை கூட வந்தாள்.

"ஒன்னே ஒன்னுடா. தலை மட்டும் போதும். நீதானே வாசல்ல நிக்கிற."

நஸ்தாஸியா படகுக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்துவிட்டாள். அவள் ஒன்றை எடுத்தால் ஆறு முழுக்கத் தெரிந்துபோகும். மீன் உலர்த்தும் புகைக்குடில் காலியாகக் கிடக்கிற வீடு அனுஸ்காவுடையது மட்டுமா?

நகரத்து அலுவலகத்துக்கு அந்தக் கோடையில் வேறொன்று வேண்டியிருந்தது. ராஜாவைப் பிடித்து, வாய் வழியாக வயிற்றுக்குள் சிறு கருவி ஒன்றைச் செலுத்தி, செவுள் மூடியில் அடையாளத் துளை போட்டு விட்டுவிட வேண்டும். எதுவரை போகிறது என்று கருவி சொல்லும். ஊர்க் கூட்டத்தில் பெரியவர்கள் ஒப்பவில்லை. மீனோடு விளையாடாதே என்றார்கள். வந்ததை எடுத்துக்கொள், இல்லையென்றால் தொடாதே. பிடித்துத் தடவித் துரத்திவிட்டால் அது மற்றதிடமெல்லாம் போய்ச் சொல்லும், அப்புறம் ஒன்றும் வராது என்றார்கள். அதை அலுவலகத்துக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவளே நஸ்தாஸியாதான். முன்வரிசையில் அனுஸ்கா இருந்தாள்.

அலுவலகத்துக்கும் ஒரு விதி உண்டு. தண்ணீர் சூடாக இருந்தால் மீனைத் தொடக் கூடாது. அன்று தண்ணீர் சூடு. ஆனால் நெடுநாள் கழித்து ஒரு பெண் ராஜா, நல்ல பெரியது, வாசலில் வந்து நின்றது. கருவி ஒன்றுகூடப் போகவில்லையே என்று ரேடியோவில் தினமும் கேட்கிறார்கள். நஸ்தாஸியா வெப்பமானியைக் கரையோர நிழலில் முக்கிப் பார்த்தாள். அங்கே அளவு சரியாக இருந்தது.

"நிழல்லயா மீன் நிக்குது?" என்று மட்டும் கேட்டான் வாஸிலி. பிறகு அவனே மீனைத் தாங்கும் வலைத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டான்.

கருவியைச் செலுத்தி, துளை போட்டு விட்டபோது அது நன்றாகத்தான் நீந்திப் போனது. அந்த வாரமே, காலையில் துடைக்க இறங்கியபோது, மேல்பக்கத்திலிருந்து வந்து வேலியில் சாய்ந்து கிடந்தது. வாயிலிருந்து கருவியின் கம்பி மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வயிறு நிறைய முட்டை.

வேலியில் செத்த மீனை ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. நஸ்தாஸியா கருவியை உருவி எடுத்துப் பெட்டியில் போட்டாள். மீனை ஈரச் சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றினாள். வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். கேட்டால் வேலியில் செத்தது என்று சொல்லலாம். அது பொய்யில்லை.

அனுஸ்கா சாக்கைப் பிரித்தாள். மீன் அறுக்க அட்டையை விரித்தாள், அரைவட்டக் கத்தியைத் தீட்டினாள், பானையில் தண்ணீர் வைத்தாள். நடையே மாறிவிட்டது. ஒல்லியாகிவிட்டான், இன்றைக்கு வயிறார உண்ணட்டும் என்று முணுமுணுத்தபடி தலையைத் திருப்பினாள். கத்தி நின்றது. செவுள் மூடியிலிருந்த துளையில் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு யார்ரா காது குத்துனது?"

நஸ்தாஸியா சாக்கை மடிக்கத் தொடங்கினாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"நான்தாம்மா. பிடிச்சு விட்டேன். தண்ணி சூடா இருந்துச்சு. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அனுஸ்கா எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"வாசல் தேடி வந்தவள, கையப் புடிச்சு இழுத்து, வெளிய தள்ளியிருக்க. வயித்துப் புள்ளையோட." குரல் உயரவேயில்லை. "இத எம்புள்ளைக்குப் போடச் சொல்றியா?"

தின்னாமல் எறிவது அதைவிடப் பெரிய குற்றம் இல்லையா என்று நஸ்தாஸியா கேட்டாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அனுஸ்கா கத்தியைத் துடைத்து வைத்தாள். பிறகு மீனை அட்டையோடு மடித்து, சாக்கில் சுற்றி, இவள் கையில் வைத்தாள்.

"தண்ணியில விட்டுரு. பாத்துப் போ, நஸ்தாஸியா."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

மீனை ஆற்றில் விட்டுவிட்டு வேலிக்குத் திரும்பியபோது வாஸிலி பலகையில் படுத்திருந்தான். அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டான். இவள் தலையை ஆட்டினாள், ஆமாவா இல்லையா என்று தெரியாதபடி. அவன் ரொட்டியை நீட்டினான். காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர வாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

அவன் எழுந்துகொள்ள, இவள் குப்புறப் படுத்தாள். வாசல் திறந்தே இருந்தது. கீழே தண்ணீர் தெளிந்து, அடிக்கல்வரை தெரிந்தது. கல் மட்டும்தான் தெரிந்தது.