ஒரு சாணுக்கு ஒரு கோல்

ஊசியக்கா ஒரு சாண் பின்னினால் ஊர்க் கால்பந்து அணி ஒரு கோல் போடும். பேருந்து வரும் நேரத்தைப் போல இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதுதான் தெரியாது. தெரிந்த நாலைந்து பேரும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிறார்களே, யாரும் படிக்காத தாள், அதை எழுதுவது அவள் உத்தியோகம். அலுவலகம் போகுமுன், சாப்பாட்டு மேசையில் கணவரின் செய்தித்தாளை ஒதுக்கிவிட்டு, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. ஆட்ட நாள். கணவரின் கூட்டாளிகள் கூடத்தை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்த இரைச்சலில் எழுதவும் முடியாது, சும்மா இருக்கவும் கை கேட்காது. அப்படித்தான் ஒரு ஞாயிறு, தங்கை மகளுக்குக் கம்பளிக் குல்லாய் ஒன்று பின்னினாள். கடைசி முடிச்சைப் போட்ட நொடியில், மூன்று வருடமாக வலைப்பக்கமே போகாத அணி ஒரு கோல் போட்டது.

அதோடு பிடித்தது சனி. மறுவாரமே கால்பந்துச் சங்கச் செயலாளர் அணியின் நிறத்தில் கம்பளி உருண்டைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினார். அறுத்தால் ராசி போய்விடுமாம், ஒரே மஃப்ளராகப் பின்ன வேண்டுமாம். ஏழு வருடத்தில் அது நூற்று முப்பது அடி வளர்ந்தது. அணி நான்கு கோப்பை வாங்கியது. தெருமுனைத் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டு எவனோ ஓர் ஆட்டக்காரனுக்குச் சிலை வைத்தார்கள். பின்னியவளுக்கு ஒரு வாய் தேநீர் போட்டுக் கொடுக்க நாதி இல்லை. அதையும் அவளே போட்டாள், பதினான்கு பேருக்கு.

ஒவ்வொரு கோலுக்கும் நாவலில் ஒரு பக்கம் வெளுத்துப்போவதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். தாளிலும் இல்லை, நினைவிலும் இல்லை. சந்தேகப்பட்டு ஒரு சாணைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கமா பிசகாமல் திரும்பி வந்தது. மேசையில் கிடந்த போன வாரச் செய்தித்தாளில் இரண்டுக்கு ஒன்று என்றிருந்த வெற்றி ஒன்றுக்கு ஒன்றாகியிருந்தது. நேராகப் போய்ச் செயலாளரிடம் சொன்னாள்.

“அட, பக்கம்தானேக்கா? போனா வேற எழுதிக்கலாம். கப்பு போனா வருமா?”

கணவர் ஒரு படி மேலே போனார். “நீ எழுதுறத யாரு படிக்கப்போறா, சொல்லு. இதையாவது ஊரே பாக்குது.” இத்தனைக்கும் ஒரு வரி படித்தவரில்லை அந்த மனிதர். ஒரு வாரம் அவள் பின்ன மறுத்தாள். அணி தோற்றது. பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் அடித்த மாதிரிக் கதவைச் சாத்தினாள், அலுவலகத்தில் அவள் மேசைப் பக்கமே ஒருவரும் வரவில்லை. மறுவாரம் ஊசியை எடுத்துவிட்டாள். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

கடைசியில் ஒரு பதிப்பாளர் கடிதம் போட்டார்: திங்கட்கிழமைக்குள் முழு நாவலும் வேண்டும். கையிலிருந்ததில் நூற்று எழுபது சொச்சம் பக்கம் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மைதானத்தில் அவளை முதல் வரிசையில் உட்காரவைத்து, மஃப்ளரை மலையாகக் குவித்தார்கள். விசில் ஊதியதும் அவள் ஊசியை உருவிக் கீழே போட்டுவிட்டு, இழையைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயோ, என்னக்கா பண்றீங்க? பிரியுதுக்கா!” என்று அலறினார் செயலாளர்.

“தெரியுது. என் பக்கம் எனக்கு வேணும். கோல் வேணும்னா ஓடிப் போய்ப் போடச் சொல்லு, அவனவனுக்கு ரெண்டு காலு இருக்குல்ல!”

செயலாளர் மஃப்ளரைப் பிடுங்கப் பார்த்தார். பிடுங்கப் பிடுங்க இன்னும் வேகமாகப் பிரிந்தது. சங்கத்து அலமாரியில் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிலை இருந்த இடத்தில் பழையபடி குழாய் வந்தது, தண்ணீரும் வந்தது. நோட்டுகள் இருந்த பை பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் மடியில் இருந்தது. ஒரு நோட்டைத் திறந்து, தாளில் எழுத்து ஊறுவதைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியவர் அப்புறம் தலை நிமிரவே இல்லை. அணி ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றதை மறுநாள்தான் அவருக்குச் சொன்னார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் வரவில்லை. அது குல்லாயில் இருந்தது. தங்கை அதையும் பிரித்துத் தருவதாகச் சொன்னாள்.

“வேணாம்டி. அது நானா ஆசப்பட்டுப் பின்னினது. கொழந்தகிட்டயே இருக்கட்டும்.”

புத்தகம் அந்தப் பக்கம் வெறுமையாகவே அச்சாகி வந்தது. அணி இப்போது ஒழுங்காகத் தோற்கிறது. சங்கத்துப் பதிவேட்டில் அந்த ஏழு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல்தான் இருக்கிறது. நாவலைப் படிப்பவர்கள் அந்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பியதும், பேருந்தானாலும் ஆஸ்பத்திரி வரிசையானாலும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு “கோல்!” என்று கத்திவிடுகிறார்கள். நூலகர் முதலில் கண்டித்துப் பார்த்தார். இப்போது யாராவது நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருப்பது தெரிந்தால், மேசை மேலிருக்கும் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.