கூடவே ஓடுகிறவள்

தம்பி குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, டிவியையும் அதற்கடியில் இருந்த விளையாட்டு மிஷினையும் விட்டுவிட்டுப் போனான். "அங்க புதுசா வாங்கிக்கலாம்க்கா, இதெல்லாம் பழசாயிடுச்சு" என்றான். பழசாகிப்போன சாமான்களில் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறானோ என்று அக்காவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. லாரி கிளம்பும்வரை, கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவளை அந்த வீட்டில் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பி மகள் சுண்டு பேச ஆரம்பித்தபோது அப்படிக் கூப்பிட்டாள். பின்னாலேயே தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர்கள், தபால் கொண்டு வருகிறவர் என்று ஊருக்கே அத்தையாகிவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக வருத்தப்பட வேண்டியதையெல்லாம் வருத்தப்பட்டு முடித்து வெகுகாலமாயிற்று. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஷிப்ட் மாறி மாறி வந்ததால் சுண்டு வளர்ந்ததெல்லாம் அத்தை மடியில்தான். சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு. காலையில் அவளுக்கு ரெட்டைச் சடை பின்னி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அப்படியே பட்டறைக்கு ஓடுவாள் அத்தை.

கார் சீட்டுக்கு உறை தைக்கிற பட்டறை. நாள் முழுக்க ஒரே நாற்காலி, ஒரே பெடல். தடித்த ரெக்சினை ஊசிக்கடியில் தள்ளித் தள்ளித் தோள் இரும்பாகியிருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் மாவாகியிருந்தது. சுண்டு இருந்தவரை அவள் பின்னால் ஓடவாவது ஒரு வேலை இருந்தது. அவர்கள் போனபிறகு அத்தை வேலை முடிந்து வந்து, பையை வைத்து, சோபாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனபிறகு டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடறதும் விடாததும் உங்க கால்லதான் இருக்கு. நடங்க."

எங்கே நடப்பது? அத்தை குடியிருந்த தெருவில் சாயங்காலமானால் சரக்கு லாரிகள் வரிசையாக நின்று உறுமும். நடைபாதை என்று இருந்ததில் டயர் கடைக்காரர் டயரை அடுக்கியிருந்தார். அப்போதுதான் டிவிக்கடியில் இருந்த மிஷின் ஞாபகம் வந்தது. கையில் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடினால் திரையில் நம் பொம்மை ஓடும். ஏறி நிற்க ஒரு பலகை. எடை பார்க்க, ஒற்றைக்காலில் நிற்க. சுண்டு குதித்துக் குதித்து ஆடுவாள். அத்தை சோபாவிலிருந்து கை தட்டியதோடு சரி.

தூசியைத் துடைத்துப் போட்டாள். மிஷின் உயிரோடுதான் இருந்தது. பலகையில் ஏறச் சொன்னது. ஏறினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உங்கள் உடம்பின் வயது எழுபத்தொன்று' என்று காட்டியது. அத்தைக்கு நாற்பத்தெட்டு.

"உன் வாயில மண்ணப் போட" என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள்.

அப்புறம் ஓடச் சொன்னது. திரையில் ஒரு ஏரி, கரையெல்லாம் மரம், ஒரு சின்ன மரப்பாலம். அத்தையின் பொம்மை வந்து நின்றது: உருண்டை முகம், கண்ணாடி, கொண்டை, பச்சைச் சட்டை. சுண்டு செய்து வைத்தது. "உன் மூக்கு இதுல இல்ல அத்தை, இவ்ளோ பெரிய மூக்கே இல்ல" என்று அவள் அன்று சலித்துக்கொண்டது அத்தைக்கு நினைவு வந்து சிரிப்பும் வந்தது. கோலைப் பிடித்துக்கொண்டு தொப் தொப்பென்று ஓட ஆரம்பித்தாள். முதல் மரம் வருவதற்குள் மூச்சு வாங்கியது.

பின்னாலிருந்து யாரோ ஓடி வந்து அவளைத் தாண்டினார்கள். ரெட்டைச் சடை வைத்த குட்டிப் பொம்மை. தாண்டிப் போனது, தலையைத் திருப்பிச் சிரித்து, கையை ஆட்டியது.

அத்தை அப்படியே நின்றுவிட்டாள். 'நிற்காதீர்கள், நன்றாக ஓடுகிறீர்கள்!' என்று திரையில் எழுத்து ஓடியது. மிஷினில் பதிந்திருந்தவர்கள் அவளும் சுண்டுவும் இரண்டே பேர், அதனால் கூட ஓடுவதற்கு மிஷின் இருக்கிற ஆளை அனுப்பி வைக்கிறது என்று அத்தைக்குப் பிறகு புரிந்தது. அன்று அதெல்லாம் தெரியவில்லை. குட்டி பாலத்தைத் தாண்டி மரங்களுக்குப் பின்னால் மறைந்தபோது, "ஏய், இருடி" என்று வாய்விட்டே கூப்பிட்டாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் சோபாவில் உட்காரவில்லை.

மெதுவாக ஓடினால் குட்டி ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவாள். காலைக் கொஞ்சம் எட்டிப் போட்டால் பாலம்வரை பக்கத்திலேயே வருவாள். இன்னும் வேகமாக ஓடினால் ஏரியின் அந்தக் கோடிவரை கூடவே வருவாள். சர்க்கரையை அத்தை எப்போதோ மறந்துவிட்டாள். பாலத்துக்கு அப்பால் இன்னும் கொஞ்ச தூரம் அந்தச் சடைகள் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக முட்டிக்குத் தைலம் போட்டாள், ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள், நல்ல ஷூ ஒன்று வாங்கினாள். வீட்டுக்குள் ஓட யாராவது ஷூ வாங்குவார்களா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு வாங்கினாள்.

நிஜச் சுண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள். "நல்லா இருக்கியாம்மா?" "ம்." "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படி?" "பரவால்ல. அம்மாகிட்ட குடுக்கட்டா?" போன் கை மாறிவிடும். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அத்தையை 'நீங்க' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். யாரோ மரியாதை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லதுதான் என்று அத்தை தம்பியிடம் சொன்னாள். போனை வைத்துவிட்டு, ஞாயிறென்றும் பார்க்காமல் ஷூவை மாட்டிக்கொண்டாள்.

பட்டறையில் ரெக்சின் வெட்டுகிறவர் ஒருநாள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னக்கா, உங்க ஏப்ரனுக்குள்ள இப்ப ரெண்டு பேர் நுழையலாம் போலருக்கே. என்ன பண்றீங்க?"

"ஏரிக்கரையில ஓடறேன்."

"நம்ம ஊர்ல ஏரி ஏது?"

"இருக்கு, இருக்கு" என்று அத்தை பெடலை மிதித்தாள்.

பள்ளி விடுமுறையில், பழைய ஆபீசில் ஏதோ வேலை என்று தம்பி வந்தான். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. சுண்டுவை மட்டும் கூட்டி வந்தான். கதவைத் திறந்த அத்தைக்கு ஒரு கணம் யாரென்று புரியவில்லை. அவள் காதுவரை வளர்ந்த ஒரு பெண் நின்றாள். சடை இல்லை, கழுத்தோடு முடியை வெட்டியிருந்தாள்.

"சுண்டு!"

"அப்படிக் கூப்பிடாதீங்க அத்தை, ப்ளீஸ்" என்று கூச்சத்தோடு சிரித்தாள்.

அத்தைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பையை இறக்கி வைப்பதற்குள் மிஷினைப் போட்டாள். "உன் ஆளு இன்னும் உள்ளயே இருக்கா, தெரியுமா? வா, ஏறு."

தட்ட முடியாமல் அந்தப் பெண் பலகையில் ஏறினாள். மிஷின் தயங்கியது. பிறகு பெரிய எழுத்தில் கேட்டது: 'கடைசியாக வந்ததிலிருந்து உங்கள் எடை வெகுவாகக் கூடியிருக்கிறது. இது நீங்கள்தானா?'

தம்பி சிரித்துவிட்டான். பெண்ணுக்குக் காதுவரை முகம் சிவந்தது. பலகையிலிருந்து குதித்து இறங்கி, கோலைப் பிடுங்கி, பட்டன்களை அழுத்தினாள். திரையில் ரெட்டைச் சடைப் பொம்மை வந்து நின்றது. பக்கத்தில், 'நீக்கிவிடலாமா?'

"அசிங்கமா இருக்கு இது. அழிச்சிடறேன்."

"தொடாதே!"

அத்தை கத்திய சத்தத்தில் தெருவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை அதட்டியதில்லை. அவள் கோலை மெதுவாக சோபாவில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது" என்றான் தம்பி. "ஒரு பொம்மைக்காகவா அவளைக் கத்தறே?"

அத்தை டிவியை அணைத்தாள். சாயங்காலம் முழுக்கச் சமையலறையிலேயே நின்றாள். சமைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் நின்றாள்.

மறுநாள் காலை தம்பி ஆபீசுக்குப் போனபிறகு அந்தப் பெண் சமையலறை வாசலில் வந்து சாய்ந்தாள்.

"நான் போன்ல சரியா பேசலன்னு கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா." அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும் என்று பட்டது. சொன்னாள். "நீ போனப்புறம் நான் அவகூடதான் ஓடிட்டிருந்தேன். தினமும். மெதுவா ஓடினா விட்டுட்டுப் போயிடுவா. அதான் வேகமா ஓடக் கத்துக்கிட்டேன்."

அவள் கால்விரலால் வாசல்படியைத் தேய்த்தாள். "இருக்கட்டும், அழிக்கல. ஆனா அது நான் இல்ல அத்தை. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரியும்னா வெளிய வாங்க."

லாரிகள் கிளம்பிப் போயிருந்த நேரம். தெரு காலியாக இருந்தது. இருவரும் ஓட ஆரம்பித்தார்கள். கெட்டித் தரையில் ஓடுவது அத்தைக்குப் புதிது; காற்று எதிரில் வந்து கண்ணாடியில் மோதியது. டயர் கடையைத் தாண்டினார்கள், தபால் நிலையத்தைத் தாண்டினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவர் வந்தபோதுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று கவனித்தாள். அந்தப் பெண் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"அத்தை, நில்லு! உனக்கு என்ன ஆச்சு, இப்படி ஓடறே?"

அந்த 'நில்லு' காதில் விழுந்ததும் அத்தைக்குக் கால் ஓடவில்லை. திரும்பி வந்தாள். சுவரோரம் இருவரும் உட்கார்ந்தார்கள். மூச்சு அடங்கியபிறகு அந்தப் பெண் தானாகவே பேசினாள். வகுப்பிலேயே அவள்தான் உயரமாம், வரிசையில் எப்போதும் கடைசியாம். எல்லார் முன்னாலும் எடை பார்த்துச் சத்தமாக வாசிப்பார்களாம். பக்கத்தில் உட்காரத் தோழி என்று யாரும் இன்னும் அமையவில்லையாம். போனில் அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அத்தை அவள் வெட்டிய முடியைக் கோதப் போய், அனுமதி உண்டோ என்னவோ என்று கையை நிறுத்தினாள். அவளாகவே தலையைச் சாய்த்தாள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தார்கள். இரண்டு நாளும் காலையில் ஓடினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது தம்பி, "நீயும் எங்களோட வந்துடேன்க்கா" என்றான். வாய் வார்த்தைக்குச் சொன்னான், அங்கே இருப்பது ஒரே படுக்கையறை. "வரேன், வரேன்" என்று அத்தையும் வாய் வார்த்தைக்குச் சொன்னாள். ரயில் போனபிறகும் நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

வீடு முன்பைவிடக் காலியாக இருந்தது. ஒரு வாரம் மிஷினைப் போட்டாள். குட்டி வந்தாள், சிரித்தாள், கை ஆட்டினாள். அத்தை பதிலுக்குச் சிரித்தாள். ஆனால் ஓடும்போது மனசு வேறு யாரையோ தேடியது: மூச்சு வாங்குகிற, முகம் சிவக்கிற, 'நில்லு' என்று சொல்கிற ஒருத்தியை. மறுவாரம் விடிந்ததும் தெருவில் இறங்கினாள்.

ஒரு சனிக்கிழமை வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அத்தை, கிளம்பிட்டியா? நானும் கீழ இறங்கிட்டேன். இங்க பார்க் ஒண்ணு இருக்கு. போனைச் சட்டைப் பையில போட்டுக்கோ, கட் பண்ணாதே."

அத்தை போட்டுக்கொண்டாள். இருவரும் ஓடினார்கள், ஒரு பகல் பயணத் தொலைவில் இருந்த இரண்டு ஊர்களில். பேச்சு ஒன்றுமில்லை. பையிலிருந்து அந்தப் பெண்ணின் மூச்சும், கல்லில் அவள் கால் படுகிற சத்தமும் வந்தன. 'கொஞ்சம் வழி விடுங்க' என்று யாரிடமோ சொன்னாள். ஒரு நாய் குரைத்தது. அது எந்தத் தெரு, என்ன நிற நாய் என்று அத்தைக்குத் தெரியாது. ஓடிக்கொண்டே யோசித்துப் பார்த்தாள்.

எல்லாச் சனிக்கிழமையும் போன் வருவதில்லை. பரீட்சை இருக்கும், தூங்கிப் போயிருப்பாள், இப்போது தோழி ஒருத்தி கிடைத்திருப்பதாகவும் சொன்னாள். அத்தை ஷூவைக் கட்டி முடித்து, வாசல்படியில் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் எதிர்வீட்டு மாடியிலிருந்து கீழே இறங்கி வரும். பிறகு எழுந்து, யாராவது கூப்பிட்டால் கேட்கும்படியாகப் போனை நெஞ்சோரம் வைத்துக்கொண்டு, ஓட ஆரம்பிப்பாள்.