மூணாவது ரேக், மேல் தட்டு

எனக்கு வாய் நீளம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாமியார் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார், நானும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வாய் ஒருநாள் என் வீட்டுக்காரரின் உயிருக்கே உலை வைக்கப் பார்க்கும் என்று நினைக்கவில்லை.

புயலடித்து மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியதால் ஆஸ்பத்திரிக்கும் வழியில்லை. என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷினோடுதான் இரண்டு வருடமாகக் குடித்தனம். மூன்று நாளும் அந்த மிஷினை ஓட்டியது வாசலில் இருந்த பழைய ஜெனரேட்டர். அன்று காலை பத்து மணிக்கு அதுவும் கடகடவென்று சத்தம் போட்டு, ஆவியைக் கக்கிவிட்டு நின்றது.

பக்கத்துத் தெருவிலிருந்து கொழுந்தன் ஓடிவந்து பிரித்துப் பார்த்தார். அவர் மெக்கானிக்.

"வாட்டர் பம்ப் ஷாஃப்ட் முறிஞ்சிடுச்சு அண்ணி. இஞ்சினுக்குள்ள தண்ணி சுத்தாது. மீறி ஓட்டினா பத்து நிமிஷத்துல இஞ்சினே போயிடும்."

அவசரத்துக்கு வைத்திருந்த ஒரே சிலிண்டரை மாட்டினோம். சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் மூன்று மணிவரை தாங்கும்.

ஜெனரேட்டரில் இருந்தது பழைய வேன் இஞ்சின். அதற்கான சாமானை யாரும் இப்போது விற்பதில்லை. இருந்தால் எங்கள் கடையில்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அதை இவர் பார்த்தார். பின்பக்கம் ரிப்பேர் ஷெட், அது கொழுந்தனுடையது. இவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்ததும் இழுத்து மூடினோம். பதினோரு வருடமாகிறது.

கட்டிலிலிருந்து இவர் கையைத் தூக்கினார்.

"மூணாவது ரேக்... மேல் தட்டு... நீலப் பெட்டி..." மூச்சு வாங்கினார். "அதுல..."

"போதும், பேசாதீங்க. இருக்கற மூச்சையும் பேசியே தீர்க்கப் போறீங்களா? நாங்க பாத்து எடுத்துக்கறோம்" என்று அதட்டினேன்.

அவர் மறுபடி கையைத் தூக்கினார். நான் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சரை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கொழுந்தனின் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

ஷட்டர் துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. பூட்டு சாவிக்குத் திறக்கவில்லை, கடப்பாறைக்குத்தான் திறந்தது. முழங்கால் உயரம் தூக்க முடிந்தது. இந்த வயதில் நான் தரையில் படுத்து உருண்டு உள்ளே போனேன்.

உள்ளே கிரீஸும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை. ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகள் வெடித்து, தொட்டால் உதிர்ந்தன. கல்லாவுக்கு மேலே இவர் கையால் எழுதிய போர்டு அப்படியே இருந்தது: 'ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் வண்டிகளுக்குக் கடை பொறுப்பல்ல.' ஒவ்வொரு தட்டிலும் இன்ன வண்டி, இன்ன சாமான் என்று சீட்டு ஒட்டியிருந்தார். வீட்டில் அவருடைய பனியன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இங்கே ஒரு நட்டு இடம் மாறினாலும் தெரியும்.

மூன்றாவது ரேக், மேல் தட்டு. கொழுந்தன் ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்தார். மூலையில் ஒரே ஒரு நீலப் பெட்டி இருந்தது, சணலால் கட்டி.

"இருக்கு அண்ணி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாகக் கிடக்கிற மனுஷன் சொன்ன இடம் துளி மாறவில்லை. கொழுந்தன் சணலை அறுத்துப் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

உள்ளே இருந்த பம்பு கறுத்து, துருவேறிக் கிடந்தது. ஷாஃப்டைத் தொட்டு ஆட்டினார். ஆடுகிற பல் மாதிரி ஆடியது.

"என்ன தம்பி இது?"

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. வண்டிக்குப் புதுசு மாட்டினால், கழற்றிய பழசை அந்தப் புதுசின் பெட்டியிலேயே போட்டு, வண்டி நம்பரை எழுதி, வண்டிக்காரரிடம் காட்டிக் கொடுப்பது ஷெட் வழக்கம். நிறையப் பேர் அந்தக் குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். மிஞ்சிய பெட்டிகளைத் தூக்கிப் போடச் சோம்பல்பட்டு, கொழுந்தன் மறுபடி ரேக்கிலேயே சொருகி வைத்திருக்கிறார்.

"தட்டு காலியா இருந்தா அண்ணன் திட்டுவாரு. அதான்... அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்றதுக்கு அவர் இருக்கணும்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஐம்பது வயது ஆள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மற்ற தட்டுகளையெல்லாம் இழுத்துக் கொட்டினோம். எங்கள் இஞ்சினுக்கு ஆகிற பம்பு வேறு எதிலும் இல்லை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இருப்பதாக நம்பவைத்த அந்தப் பெட்டி மேல்தான் முதல் கோபம். எட்டி ஓர் உதை விட்டேன். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி, பக்கவாட்டில் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் மைப் பென்சிலால் எழுதிய நம்பர் தெரிந்தது.

"இது யாரு வண்டி?"

"எதுக்கு அண்ணி இப்ப அது?"

"புதுசு இதுல இல்லன்னா, அந்த வண்டியிலதான இருக்கணும்? யாரு வண்டின்னு சொல்லித் தொலைங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"பச்சை வேன். பம்ப மாட்டி வெச்சேன், ஓனர் எடுக்க வரவே இல்ல. அப்புறம் கடையே மூடிட்டோம்."

பின்கதவை உடைத்தோம். ஷெட் கூரையில் பாதி புயலில் சரிந்து, அந்த வேன் மேலேயே கிடந்தது. போர்டில் எழுதியபடி கடை அதற்குப் பொறுப்பேற்கவில்லை, கடவுளும் ஏற்கவில்லை. தகரத்தை இழுத்துப் போட்டதில் என் உள்ளங்கை கிழிந்தது, அப்போது தெரியவில்லை. பானெட்டைத் தூக்கினால் எலிக்கூடு. அதை அள்ளி எறிந்தபோது அடியில் பம்பு தெரிந்தது. ஒருநாள்கூட ஓடாத பம்பு.

நான்கு போல்ட். மூன்று வந்தது. நாலாவது அசையவே இல்லை. ஸ்பானர் வழுக்கியது, போல்ட்டின் தலை மழுங்கியது. கொழுந்தன் உளி வைத்து அடித்தார். அடிக்கு ஒருமுறை "அண்ணே, அண்ணே" என்றார். அவர் அதை அறிந்து சொன்னாரா தெரியாது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போல்ட் உடைந்து பம்பு கையோடு வந்தபோது மணி ஒன்று ஐம்பது. ஷாஃப்ட் சுற்றவில்லை. எண்ணெய் விட்டு, துணி சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கிர்ரென்று ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று இலகுவாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது முள் சிவப்பில் இருந்தது. டீச்சர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வாசலில் கொழுந்தன் பம்பை மாட்டுகிறார், உள்ளே நான் முந்தானையால் விசிறுகிறேன். அந்தக் காற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்துதான் விசிறினேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிலிண்டர் சத்தம் அடங்கியது.

"தம்பி!" என்று நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. மிஷின் விளக்கு எரிந்தது. குழாயை இவர் மூக்கில் மாட்டியபோது என் உள்ளங்கை ரத்தம் அவர் கன்னத்தில் ஒட்டியது. ஒரு நிமிடமா, பத்து நிமிடமா தெரியவில்லை. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. கண் திறந்தார்.

கொழுந்தன் கிரீஸ் கையோடு கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, நீங்க சொன்ன எடத்துலயே இருந்துச்சு. நீலப் பெட்டியில" என்று பொய் சொன்னார்.

இவர் தம்பியைப் பார்த்தார்.

"பச்சை வேன்... தானே?"

கொழுந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுல நம்பர் இருக்கு... அந்த வண்டியில புதுசுன்னு... சொல்ல வந்தேன். இவ எங்க விட்டா."

"அண்ணே, உள்ள பழசுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாப் பெட்டியும்... தெரியும்."

"ஒரு நாள்கூட கேக்கலையே."

"கேட்டா... நீ அழுவ."

கொழுந்தன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தைக்கு நான் பொறுத்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த மனுஷன் தலையைத் தூக்க முடியாமல் படுத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

கரண்ட் இன்னும் வரவில்லை. பாலத்தில் தண்ணீர் வடியவில்லை என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "அப்புறம்..." என்றார். மூச்சு வாங்கியது.

பேசாதீங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன்.