இருபத்துநாலாம் தேதி வரைக்கும்

எகர்ட்டன் பார்க்லியின் இடது கன்னத்தை மழித்தாகிவிட்டது. வலது கன்னத்தில் நுரை காயத் தொடங்கியிருந்தது. அவர் மனைவி டோர்கஸ் ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பியபோது அவர் கேட்டார்.

"டோர்க்கி, கொயர்க்காரங்க சாயங்காலம் வர்றாங்கதானே? அம்மா பாட்டைப் பாடச் சொல்றியா?"

அவள் கை அப்படியே நின்றது.

"எந்தப் பாட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காத. தொழுவத்துப் பாட்டு."

வெளியே தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. டிசம்பரில் லிமோன் துறைமுக ஊரில் மழை விட்டால்தான் ஜனங்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். டோர்கஸ் ரேசரைத் துண்டில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ரயில் பாதை போட ஜமைக்காவிலிருந்து வந்தவர்களோடு வந்தது. எகர்ட்டனின் அம்மா அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவர் கோயிலுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இருபத்துநாலாம் தேதி சாயங்கால ஆராதனையில் முதல் பாட்டு அதுதான். அதற்கு முன்னால் அதையோ வேறு எந்தக் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டையோ யாரும் முணுமுணுக்கக்கூடக் கூடாது. அட்வென்ட் என்கிற வருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கிற ஞாயிறுகள். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தாலாட்டு பாடுவார்களா என்று எகர்ட்டன் கேட்பார். துறைமுகத்தில் எடை குமாஸ்தாவாக இருந்த மனிதர், பகலெல்லாம் வாழைக்குலைப் பெட்டிகளை நிறுத்துவிட்டு, சாயங்காலம் கோயில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் பிஷப்புக்கும் பயப்பட மாட்டார். ஒரு தடவை பிஷப் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து டிசம்பர் நடுவில் வந்து, "ஒரு கேரல் வாசியுங்களேன்" என்று கேட்டுவிட்டார். "இருபத்துநாலாம் தேதி வாங்க, பிஷப். உங்களுக்கு முன் வரிசையிலேயே இடம் போட்டு வைக்கிறேன்" என்றார் எகர்ட்டன். அக்டோபரிலிருந்தே கடைகளில் கேரல் அலறும். அவர் காதில் விழாதபடி தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நடப்பார்.

கல்யாணமான புதிதில் டோர்கஸும் பாடகர் குழுவில் இருந்தாள். மூன்றே மாதம். அப்புறம் எகர்ட்டன் அவளை மெதுவாக வெளியே அனுப்பிவிட்டார். "உனக்குக் குரல் இருக்கு, டோர்க்கி. அது எங்க போறதுன்னு அதுக்கே தெரியலை" என்றார். அவள் ஒரு வாரம் அவருக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டாள்.

இப்போது அந்த மனிதர்தான் நாள் வருவதற்கு முன்னால் பாட்டைக் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் காட்டி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

"நாளைக்குத்தான் மூணாவது ஞாயிறு" என்றாள் டோர்கஸ். "இருபத்துநாலு வரைக்கும் பொறுங்க, மிஸ்டர் பார்க்லி."

கோபம் வந்தால்தான் அவள் அவரை மிஸ்டர் பார்க்லி என்பாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"சட்டம் என்னோடது. நானே தளர்த்திக்கிறேன்."

"சட்டம் சபையோடதுன்னு எத்தனை பேரை அழ வச்சிருக்க? உனக்கு மட்டும் தனிச் சட்டமா? வாயை மூடு, கன்னம் வெட்டுப்படும்."

அவர் வாயை மூடினார். அவள் வலது கன்னத்தை மழித்து முடித்தாள்.

*

சாயங்காலம் பாடகர் குழு குடைகளோடு வந்து வராந்தாவில் நெருக்கிக்கொண்டு நின்றது. ஆர்கன் வாசிக்க ஆளில்லாமல் செப்டம்பரிலிருந்து வெறும் குரலில்தான் பாடுகிறார்கள். முன்னால் நின்றவள் மிஸ் ஒலிவ். பெண்களில் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடுகிறவள், பாடாத நேரத்தில் ஊர்க்கதை பேசுகிறவள்.

சான் ஹோசேயிலிருந்து வந்திருந்த மகள் யாமிலெத், அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தாள். அடுப்பில் தேங்காய்ப்பாலில் அரிசியும் பீன்ஸும் கொதித்துக்கொண்டிருந்தன.

"மம்மி, டாடி என்கிட்டயும் கேட்டார். அவர் வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். பாடச் சொல்லேன்."

"இன்னும் நாள் இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்னு நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"டாக்டருக்கு அட்வென்ட்டைப் பத்தி என்ன தெரியும்?" டோர்கஸ் அடுப்பைக் குறைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். "ஒலிவ், அட்வென்ட் பாட்டு மட்டும்."

"வேற எதைப் பாடப்போறோம்? அவர் உசிரோட இருக்கிற வரைக்கும் யாருக்குத் தைரியம் வரும்?" என்றாள் ஒலிவ். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. குடையை மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள்.

காத்திருக்கிற பாட்டுகளாக நான்கு பாடினார்கள். படுக்கையிலிருந்த எகர்ட்டனின் விரல்கள் போர்வைமேல் தாளம் போட்டன. "ஆம்பளைங்க பேஸ் குரல் தூங்குது" என்றார் நடுவில். பாட்டு முடிந்து குடைகள் இறங்கிப் போன பிறகு, "நல்லாப் பாடினாங்க" என்றார். குறை சொல்லாமல் அவர் பாராட்டி டோர்கஸ் கேட்டதே இல்லை. அவர் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

*

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாதர் ரொஹேலியோ நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எகர்ட்டனுக்கு ஒரு துளி ரசம்தான் இறங்கியது. ஜெபம் முடிந்து பாதர் வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது டோர்கஸ் பின்னாலேயே போனாள்.

"பாதர், காலத்துக்கு முன்னாடி கேரல் பாடறது பாவமா?"

பாதர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். லிமோன் மழையில் இன்னும் ஜலதோஷம் விடவில்லை.

"பாவம்னு எந்த இடத்துலயும் எழுதலை, மிஸ் டோர்கஸ். எகர்ட்டன் சொன்னார். நான் பயந்துபோய் ஆமாம்னுட்டேன். இத்தனை வருஷமா நான் வீட்டுல பாத்ரூம்லகூடப் பாடலை."

அவள் சிரிக்கவில்லை. வராந்தா விளிம்பில் உட்கார்ந்து, வாசலில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடிட்டா அவர் கிளம்பிடுவார், பாதர். அந்தப் பாட்டு வரணும்னு ஒரு நாள் பாக்கி இருந்தா, மனுஷன் அதுக்காகவாவது இருப்பார். எதையும் பாதியில விடற ஆள் இல்லை அவர்."

பாதர் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சன்னலுக்கு உள்ளேயிருந்து யாமிலெத்தின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"பாடாட்டி இருப்பாரா மம்மி?"

டோர்கஸ் எழுந்து உள்ளே போய், ரம்மில் ஊறிக்கொண்டிருந்த கேக் பழங்களைக் கிளறத் தொடங்கினாள். கிளறத் தேவையே இல்லாத பழங்கள்.

*

திங்கள் காலை மூச்சின் சத்தம் மாறியது. உள்ளே போகிற மூச்சுக்கும் வெளியே வருகிற மூச்சுக்கும் நடுவில் வெற்றிடம் விழுந்தது. ஆக்ஸிஜன் உருளை தீர்ந்துகொண்டிருந்தது. யாமிலெத் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் புது உருளை வாங்கிவரக் கிளம்பினாள். ராத்திரி பெய்த மழையில் ஆற்றுப் பாலத்தருகே ரோடு முழுகிவிட்டது, சுற்றித்தான் போக வேண்டும்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீட்டில் மழையும் அந்த மூச்சும்தான் மிச்சம். டோர்கஸ் அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்தாள். ஒலிவுக்கு ஆள் அனுப்பலாமா என்று நினைத்தாள். அனுப்ப ஆள் இல்லை. வந்து சேர வழியும் இல்லை.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடினாள்.

பாடகர் குழுவை விட்டதிலிருந்து அவள் வாய்விட்டுப் பாடியதில்லை. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். குரல் கரகரவென்று எங்கோ ஆரம்பித்தது. தொழுவத்தில் வைக்கோல் விரிக்கிற முதல் அடி ஒருவழியாக வந்துவிட்டது. மாடு மூச்சுவிட்டுப் பிள்ளைக்குச் சூடேற்றுகிற அடியில் குரல் உச்சியில் போய் மாட்டிக்கொண்டு உடைந்தது.

எகர்ட்டன் கண்ணைத் திறந்தார். போர்வைமேல் கிடந்த வலது கையில் ஒரு விரல் மட்டும் எழுந்து மெல்லக் கீழே இறங்கியது.

"கீழயா?"

விரல் மறுபடி இறங்கியது.

அவள் சுருதியை இறக்கி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை மாடு தாண்டியது, மேய்ப்பர்கள் வந்தார்கள். நாலாவது அடியின் வார்த்தை மறந்துபோய் மூன்றாவது அடியையே திரும்பப் பாடினாள். அவர் உதடுகள் சரியான வார்த்தைக்கு அசைந்தன, சத்தம் வரவில்லை. அவள் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடி முடித்தாள்.

அவர் சைகை செய்தார். அவள் காதை வாயருகே கொண்டுபோனாள்.

"டோர்க்கி." மூச்சு வாங்கியது. "உன்னைக் கொயர்ல இருந்து... தூக்கினது... சரிதான்."

அவள் அவர் தோளில் லேசாக ஓர் அடி அடித்தாள். அவர் முகம் சிரிக்கிற மாதிரி ஆனது. அவள் கையை எடுக்கவில்லை. தோள் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறுவதற்கு அவள் காத்திருந்தாள்.

கதவு திறந்தபோது யாமிலெத் உருளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள்.

"மம்மி?"

டோர்கஸ் மகளைப் பார்த்தாள்.

"முதல்ல தலையைத் துவட்டு" என்றாள்.

*

புதன்கிழமை அடக்கம். வருகைக் காலமாகையால் பீடத்தில் பூ இல்லை. ஊதாத் துணி தொங்கியது. பெட்டியின்மேல் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். சாவு எந்தக் காலத்தில் வந்தாலும் அது உயிர்ப்பின் நாளைச் சேர்ந்தது என்று பாதர் சொன்னார். சொல்லும்போது தும்மினார்.

கல்லறையிலிருந்து திரும்பி வீடு நிறைய ஜனம். ஒலிவ் கறித்தட்டோடு டோர்கஸின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பாட்டைக் கேக்காமலே போயிட்டாரே, சிஸ்டர் டோர்கஸ். அவர் ஆசைப்பட்டார்னு யாமிலெத் சொன்னா. சனிக்கிழமை நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க பாடியிருப்போம். அப்படி என்ன பிடிவாதம்?"

பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். டோர்கஸ் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். யாமிலெத் தொட்டியருகே முதுகைக் காட்டி நின்று தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் அம்மாவிடம் தேவையானதைத் தவிரப் பேசவில்லை.

"கடைசியா டாடி எதாச்சும் சொன்னாரா?" திரும்பாமலே கேட்டாள்.

"சொன்னார்."

"என்ன?"

"என்னைக் கொயர்ல இருந்து தூக்கினது சரிதான்னார்."

யாமிலெத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் அவள் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு குழாயை மூடித் திரும்பினாள்.

"மம்மி... நீ பாடினியா?"

"மாடு வர்ற இடத்துல மாட்டிக்கிட்டேன். கீழ இறக்குன்னு விரலைக் காட்டினார்."

யாமிலெத் ஈரக்கையால் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு நடுவே சிரிப்பு பீறிட்டு வந்தது, டோர்கஸுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். வாசலில் எட்டிப் பார்த்த ஒலிவ், "கர்த்தாவே, இன்னிக்கா சிரிப்பு?" என்று கேட்டுவிட்டு, இது சிரிப்புதானா என்று சந்தேகம் வந்து, தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

*

நாலாவது ஞாயிறு மழை வெறித்திருந்தது. அந்தச் சபையில் வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துத்தான் பீடத்தருகே இலை வளையத்தில், ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நாலாவது வாரம் பார்க்லி குடும்பத்தின் முறை. வேறு யாரையாவது ஏற்றச் சொல்லட்டுமா என்று பாதர் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள் டோர்கஸ்.

அவள் நடந்து முன்னால் போனாள். முதல் மெழுகுவத்தி மூன்று ஞாயிறு எரிந்து கட்டைவிரல் உயரத்துக்கு வந்திருந்தது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் உயரம், மூன்றாவது இன்னும் கொஞ்சம். நாலாவது வாங்கியபடியே முழுசாக, திரி வெளுத்து விறைத்து நின்றது. எரிந்து பழகிய மூன்றும் தீக்குச்சியைக் காட்டியதுமே பற்றிக்கொண்டன. நாலாவது பற்றவில்லை. கடற்காற்று சன்னல் வழியாக வந்தது. அவள் ஒரு கையைக் குவித்து மறைத்து, இன்னொரு குச்சி உரசி, திரியின் நுனியில் பிடித்தாள்.

பாடகர் குழு அட்வென்ட் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. சுடர் குச்சியில் இறங்கி அவள் நகத்தருகே வந்துவிட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.