அரைப்புள்ளியும் மூன்று புள்ளிகளும்

அலுவலகத்தில் அவளுக்கு அரைப்புள்ளி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இணையப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லோரும் கைவிரித்த பிறகு, ஒன்றரை நாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் தேடி, நாலாயிரம் வரி நிரலுக்கு நடுவில் விட்டுப்போயிருந்த ஓர் அரைப்புள்ளியைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பதினெட்டு வருடமாகிறது. விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் பார்ப்பதில்லை.

பக்கத்தின் முகம்தான் அவள் வேலை. உள்ளே தகவலைச் சேமிப்பது, சரிபார்ப்பது எல்லாம் வேறு ஆட்கள் பாடு. பார்க்கிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது, எந்தப் பொத்தான் எங்கே உட்காருகிறது, தொட்டால் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து, இதுவரை செய்தது எல்லாம் தப்பு, இனிமேல் இப்படித்தான் என்பார்கள். பொத்தானுக்கு நிழல் வை என்றார்கள், வைத்தாள். நிழலை எடு என்றார்கள், எடுத்தாள். பக்கத்தையே கறுப்பாக்கு என்றார்கள், ஆக்கினாள். எல்லா வேலையையும் பார்க்கிறவருடைய உலாவியிலேயே செய் என்றார்கள். அப்புறம், ஐயையோ அங்கே வேண்டாம், சர்வரிலேயே செய்து அனுப்பு என்றார்கள். அவள் முதன்முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் என்று சிரித்துக்கொண்டே அதையும் செய்தாள்.

இந்த வருடம் மாப்பிள்ளை வந்தது.

அது ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி. என்ன மாதிரிப் பக்கம் வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும், நிரலை அதுவே எழுதிவிடும். அதற்கு ஏதோ மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர் இருந்தது. ஆனால் மேலாளர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வரவேற்பறைப் பெண்தான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். புது மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடக்காது. இருப்பதிலேயே பெரிய திரை அதற்கு. அது யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்றுகூட ஒரு நாள் மேலாளர் சொல்லிவிட்டார்.

குணமும் குறை சொல்ல முடியாத குணம். எதைக் கேட்டாலும் "அருமையான கேள்வி!" என்று தொடங்கும். தப்பைச் சுட்டிக்காட்டினால் "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று உடனே ஒப்புக்கொள்ளும். "இப்படி ஒருத்தரைத்தான் நான் கட்டியிருக்கணும்" என்று வரவேற்பறைப் பெண் பெருமூச்சு விட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம்.

அந்தத் திங்கட்கிழமை திருமணப் பதிவு அலுவலகத்தின் முன்பதிவுப் பக்கம் வேலைக்கு வந்தது. அரைப்புள்ளியின் கணக்கில் ஆறு வார வேலை. மாப்பிள்ளை நாற்பது நிமிடத்தில் முடித்து, தன்னைத்தானே இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைக்கு உட்படுத்தி, எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு காட்டியது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? இனிமே முகப்பு வேலைக்குன்னு தனியா ஆள் தேவைப்படாதுபோல" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "உங்கள மாசக் கடைசியில கீழ்த் தளத்துக்கு மாத்தலாமான்னு முதலாளி கேக்கறார். வேலை ஒண்ணும் போகாது. பயப்படாதீங்க."

கீழ்த் தளம் என்பது புகார் கேட்கும் பிரிவு. ஜன்னல் கிடையாது. பதினாறு பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று காலையிலிருந்து மாலை வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இயந்திரத்தைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. பதினெட்டு வருடம் ஆசை ஆசையாகச் செய்த வேலையை, இனி நீ இல்லாமலேயே நடக்கும் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

"பக்கத்த ஒருதடவ பாத்துட்டு, சரின்னு ஒரு குறிப்பு மட்டும் போட்டுடுங்க" என்றார் மேலாளர்.

செவ்வாய்க்கிழமை பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எங்காவது ஒரு ஓட்டை அகப்படாதா என்று அந்தப் பெரிய திரையில் மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. பக்கம் நன்றாகவே இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். வழக்கமாகக் கடைசியில் அவள் ஒரு காரியம் செய்வாள். இழுப்பறையில் கிடக்கும் விரிசல் விழுந்த பழைய போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, அதிலும் ஒருமுறை பார்ப்பாள். அன்றைக்கு இழுப்பறையைத் திறக்கவில்லை. எப்படியும் கீழே தள்ளப்போகிறார்கள், நமக்கென்ன வந்தது என்று 'பார்த்தாச்சு' என்று ஒரே சொல்லை எழுதிப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை பக்கம் வெள்ளோட்டத்துக்குப் போனது. அந்த வாரம் பதிவு செய்திருந்த ஏழு ஜோடிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஏழில் ஒன்று அவளுடைய சொந்தத் தங்கை. தங்கை நீச்சல் பயிற்சியாளர். கட்டிக்கொள்ளப் போகிறவர் பேக்கரி வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு வரவேற்பறையிலிருந்து போன்.

"அக்கா, மாப்பிள்ளை அழுதுட்டிருக்கார்."

"அதுக்கு அழக்கூட வருமா? புதுசா சேத்திருக்காங்களா?"

"ஐயோ, அந்த மாப்பிள்ளை இல்லக்கா! உங்க வீட்டு மாப்பிள்ளை. இங்க நிக்கறார். சட்டையெல்லாம் மாவு."

ஓடினாள். பேக்கரிக்காரர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். ஆறடி மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"அக்கா, அவளுக்கு என்னைப் பிடிக்கலன்னா நேர்லயே சொல்லியிருக்கலாமே" என்று போனை நீட்டினார். *உங்கள் திருமணப் பதிவு ரத்து செய்யப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரரின் விருப்பம்.* "பதினோரு தடவ கூப்பிட்டேன். எடுக்கல. நேத்து கேக்க நானே செய்றேன்னேன். நீ கல்யாணத்தன்னிக்காவது அடுப்புப் பக்கம் போகாதேன்னா. அதுக்காகவா ஒருத்தரு கல்யாணத்தையே நிறுத்துவாங்க?"

"மாப்பிள்ளை, இப்ப அவ தண்ணிக்குள்ள இருப்பா. ஒரு மணி வரைக்கும் போன் லாக்கர்ல இருக்கும். கொஞ்சம் பொறுங்க."

ஒரு மணி அடித்து இரண்டு நிமிடத்தில் தங்கையே கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரர் முகத்தில் உயிர் வந்தது.

"நான் எங்கக்கா ரத்து பண்ணேன்? காலைல நேரம் சரியா இருக்கான்னு பாத்தேன். கை தவறி எதையோ தொட்டுட்டேன். ரத்து பண்ணணுமா வேண்டாமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னுதான் அமுக்கினேன்!"

"வேண்டாம்னு எழுதியிருந்துச்சா?"

தங்கையின் குரல் இறங்கிவிட்டது.

"எழுதல... ரெண்டுலயும் ஒரே எழுத்துதான் இருந்துச்சு. பச்சையா இருந்தத அமுக்கினேன். பச்சைன்னா நல்லதுதானேக்கா?"

"உன் போன்ல எழுத்து எவ்ளோ பெருசா வச்சிருக்க?"

"ரொம்பப் பெருசா. கண்ணாடி போடாமப் படிக்கணும்ல."

அரைப்புள்ளி மேலே ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பொத்தான்கள், ஒன்றின் கீழ் ஒன்று.

*பதிவை ரத்து செய்ய…*

*பதிவை ரத்து செய்ய…*

மேலே பச்சையாக இருந்தது 'ரத்து செய்ய வேண்டும்'. கீழே இருந்தது 'ரத்து செய்ய வேண்டாம்'. இடம் போதவில்லை என்றால் வால் பகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கும்படி மாப்பிள்ளை எழுதியிருந்தது. அதன் சோதனைகளுக்கு, பொத்தானுக்கு வெளியே எழுத்து வழியவில்லை, ஆகவே பச்சை. வேறு சில மொழிகளில் வாலை வெட்டினாலும் தலையில் இருக்கிற மறுப்பு தப்பித்துவிடும். நம் மொழியில் ஆமாமா இல்லையா என்பதே கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. வாக்கியம் முடிகிறவரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் அது அழகாக நறுக்கி எறிந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு வெட்கமும் வந்தது. செவ்வாய்க்கிழமை இந்த இழுப்பறையைத் திறந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். சத்தம் போடாமல் இப்போதே திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால், 'பார்த்தாச்சு' என்று எழுதியது யார் என்று கேட்பார்கள். கீழ்த் தளத்துக்குப் போகிற படியில் தானே போய் நிற்கிற மாதிரி. ஆனால் இன்னும் ஆறு ஜோடிகள் அந்தப் பக்கத்தை வைத்திருக்கிறார்கள். போனை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், மாப்பிள்ளை கல்யாணத்த நிறுத்திட்டார்."

"எந்த மாப்பிள்ளை?"

"நம்ம மாப்பிள்ளை. எங்க வீட்டு மாப்பிள்ளையோட கல்யாணத்த."

"ஒரு நிமிஷம். முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னாள். போனைக் காட்டினாள். மேலாளர் இரண்டு பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"இதப் பாத்து சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார். பெரிய திரையில மட்டும் பாத்தேன். கோவத்துல இருந்தேன். என் தப்பு."

அவர் போனை மேசையில் வைத்தார். முதலில் மாப்பிள்ளையிடமே கேட்போம் என்றார். கேட்டார்கள். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!" என்று குதூகலமாக ஒப்புக்கொண்டு, எழுத்தை எறும்புக்கு மட்டும் தெரிகிற அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. அது வேண்டாம் என்றதும் "அருமையான யோசனை!" என்று சொல்லி, ஒரு பொத்தானில் 'ரத்து', இன்னொன்றில் 'ரத்து அல்ல' என்று எழுதியது. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தள்ளுங்க சார்" என்று அரைப்புள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேல் பொத்தானில் 'ரத்து செய்' என்று எழுதினாள். கீழே எழுதுவதற்கு முன், பேக்கரிக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்தாள். 'இருக்கட்டும்' என்று எழுதினாள். எங்கே வெட்டினாலும் இது அதுவாகாது, அது இதுவாகாது. போதாததற்கு, இடமில்லை என்றால் எழுத்து இரண்டாவது வரிக்கு இறங்கட்டும், வெட்டாதே என்று கட்டளையும் போட்டாள். அதே திருத்தத்தை, மாப்பிள்ளை இதுவரை எழுதியிருந்த மற்ற நாற்பத்தொரு பக்கங்களிலும் செய்யச் சொல்லி அதனிடமே கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் ஒன்று விடாமல் செய்துவிட்டது. அவள் கையால் செய்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். கெட்டிக்கார மாப்பிள்ளைதான், கூட ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதிவு அலுவலகத்தைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை பத்து மணி இன்னும் காலியாகவே இருந்தது, திரும்பக் கிடைத்தது. இன்னொரு ஜோடியின் பதிவும் அதேபோல ரத்தாகியிருந்தது. அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை என்பதால் சொல்லாமலேயே சரிசெய்தார்கள். பேக்கரிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் ரொட்டியை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து ஓடினார்.

"நான் முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லியாகணும்" என்றார் மேலாளர். "உங்க குறிப்பையும் சேத்துத்தான். சனிக்கிழமை சொல்றேன்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சனிக்கிழமை பதிவு அலுவலகத்தில் வெயில் தாராளமாக விழுந்தது. தங்கை தலையைத் துவட்டக்கூட நேரமில்லாமல் நேராகக் குளத்திலிருந்து வந்திருந்தாள். கேக்கைப் பேக்கரிக்காரர்தான் செய்திருந்தார். அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இந்தத் திருமணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை பட்ட பயம் தெளியாமல், பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு நாளாக அந்தப் பக்கத்தையே திறந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர், "இருக்கட்டும்" என்றார்.

அறையே சிரித்தது. அலுவலர் மட்டும் சிரிக்காமல், "சம்மதம்னு சொல்லணும்" என்றார். பேக்கரிக்காரர் மூன்று தரம் சொன்னார்.

தங்கை கையெழுத்துப் போடும்போது அரைப்புள்ளியின் போன் அதிர்ந்தது. மேலாளரிடமிருந்து செய்தி. பூட்டிய திரையில் ஒரே ஒரு வரி.

*முதலாளியிடம் பேசினேன். உங்களைக் கீழ்த் தளத்துக்கு மாற்ற…*

அவள் திறக்கப் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்று புள்ளிகளைக் கண்டதும் அவருக்கே முகம் வெளிறிவிட்டது.

"திறங்கக்கா. கடைசிச் சொல்லு தெரியாம நான் ஒரு மணி நேரம் செத்துப் பொழச்சேன்."

திறந்தாள். *மாற்ற வேண்டாம் என்று முடிவு. ஒளிக்காமல் வந்து சொன்னதை அவரிடம் சொன்னேன். இனி எந்தப் பக்கமும் உங்கள் இழுப்பறையைத் தாண்டாமல் வெளியே போகாது. அதேபோல் பழைய போன் இன்னும் ஐந்து வாங்கச் சொல்லியிருக்கிறார்.*

அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, கல்யாணத்தில் அக்கா அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்: *ரொம்ப நன்றி சார். அந்த 'வேண்டாம்' என்பதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.*

பதில் அடுத்த நொடியே வந்தது.

*நீங்கள் சொல்வது முற்றிலும் சரி!*

எழுதியது மேலாளரா, மாப்பிள்ளையா என்று அவளுக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கேக் வெட்டப் போனாள்.