அணைத்த சூடம்

சேலம் பக்கத்தில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவையெல்லாம் திறந்துதான் இருந்தன. அதனால் அன்னவாசலில் வெல்ல மண்டி வைத்திருந்த சேக் அலாவுதீன் ராவுத்தர், சந்தை கலைந்த பிறகு மண்டிக்குப் பின்னால் குடிகாரர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குடிகாரர்கள் கூடினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே போய் வருகிற நாகராசு எட்டு மாதமாகக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று அவன் பெண்டாட்டியே சொன்னாள்.

நான் அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். முதல் பிள்ளை மூன்று வயதில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் பகலிலேயே குடிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கிணறு வெட்டுகிற வேலை. கால் நிலைக்காதவர் கயிற்றைப் பிடித்து இறங்கினால் என்ன ஆகும்? வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு தாலியறுக்க எனக்குத் தெம்பில்லை.

ராவுத்தரிடம் போய் நின்றேன். "வீட்டுக்காரரு பேரு என்ன தாயி?" என்று கேட்டார். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வது?

"ராக்காயி அம்மனை ஆம்பளையா மாத்திக்கங்க."

"ராக்கனா?" என்று சிரித்தார். "கூட்டிக்கிட்டு வாங்க. குடிச்சிருந்தாலும் பரவால்ல. குடிச்சுக் குடிச்சு எங்க சனங்க மூஞ்சியிலயே முழிக்க முடியாமக் கெடந்தவன்தான் நானும்."

முதல் வாரம் கிளம்பினோம். வழியில் பனங்காட்டுக் கடை வந்தது. "இனிமே வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். சொல்லாம நின்னுட்டா நல்லாருக்காது" என்று உள்ளே போனார். மரியாதை தெரிந்த மனிதர். பொழுது சாய்கிறவரை நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் கண்மாய்க்கரையைச் சுற்றி இரண்டு மைல் கூடுதலாக நடத்திக் கூட்டிப்போனேன். கால் வீங்கிவிட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கண்மாயைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

மண்டிக்குப் பின்னால் பதினோரு பேர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். போன சந்தையிலிருந்து இந்தச் சந்தை வரை எப்படி இருந்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கூட்டம். "ஆறு நாள் தொடல. ஏழாம் நாளு மச்சினன் வந்துட்டான்" என்றார் ஒருவர். யாரும் அவரைத் திட்டவில்லை. நான் வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நாகராசு ஒரு தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். "புதுசா வந்தவரு அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து ஒன்றைச் சொன்னால் அது சாமிக்குக் கொடுத்த வாக்கு. மீறினால் வீட்டில் ஓர் உயிரை எடுத்துக்கொள்ளும் என்பார்கள்.

"இங்கன அதெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல நாகராசு?" என்று ராவுத்தர் அதட்டினார். அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"அய்யனாரு கோயில்ல அணைச்சேன். நாப்பது நாளு கூடத் தாங்கல, குடிச்சுப்புட்டேன். எம்புள்ளைய எடுத்துக்கிருச்சு. இன்னொண்ணு அவ வயித்துல இருக்கு. என்னைய விட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

இரண்டு வருஷத்தில் இந்தப் பேச்சை அவர் வாயால் நான் கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை. என்னைத் தாண்டித்தான் அவர் வெளியே போக வேண்டும். போனால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். இனி ஒரு தடவை அவரை இங்கே நடத்திக் கூட்டிவர என்னால் ஆகாது. நான் நகரவில்லை.

"புள்ளை பேதியில போச்சுங்க. அந்த வாரம் நம்ம தெருவுல நாலு புள்ளைக போச்சு. மத்த மூணு வீட்லயும் யாரு சூடம் அணைச்சா?"

அவர் நின்றார். "அப்ப, என்னாலதான்னு நீ நெனைக்கலையா?"

பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். தட்டில் சூடம் தானாகவே எரிந்து முடிந்திருந்தது.

நினைத்தேன். பேதிதான் என்று தெரிந்துகொண்டே நினைத்தேன். அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் நினைத்தேன். நான் அப்படி நினைப்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வாயையே திறக்காமல் இருந்தேன்.

"இல்லைங்க. ஒருநாளும் நெனைக்கல" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு திரும்பிப் போய்ச் சாக்கில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார் ராவுத்தர்.

"நேத்துக் குடிச்சேன்" என்று ஆரம்பித்தார். அதை அவர் மறைக்காமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.