அப்பாவை எழுப்பாத பாட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. 2014 ஜூலை, நெய்வேலி புத்தகக் கண்காட்சி. மடியில் அப்போதுதான் வாங்கிய மொழிபெயர்ப்பு நாவல். (அதில் பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டியது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை.) மேடையில் மூன்று பேர். முடிவு எனக்குத் தெரியும். எழுதத்தான் வரவில்லை.

முதல் வரிக்கு ஒரு முயற்சி: 'நெய்வேலியைச் சுற்றிப் பகலில் உறங்குகிறவர்கள் அதிகம் என்பதால்

வேண்டாம், பாடப்புத்தகம்போல இருக்கிறது. இன்னொன்று: 'அபியின் அப்பா குறட்டை விட்டார்.' இதுவே இருக்கட்டும்.

2

அபியின் அப்பா குறட்டை விட்டார். பெயர் குழந்தைவேல். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, அந்த வருடம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில், பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். மேடையில் இருந்த அந்த மூன்று பேரின் ஒத்திகை அவருடைய முன்னறையில். கீபோர்டு தமிழ்மாறனும் கிடார் மருதாசலமும் டவுன்ஷிப் பையன்கள்; அவர்கள் குவார்ட்டர்ஸில் வாசித்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

மருதாசலத்தின் பென்டிரைவ் நிறைய பங்க், நியூ வேவ் பாட்டுகள். மேல்நாட்டு இளைஞர்கள் ஒரு காலத்தில் கோபத்தில் கத்தியவை. அபி அவற்றுக்குத் தமிழில் வரி எழுதிப் பாடினாள். தமிழ்மாறன் கீபோர்டில் 'ராக்' என்ற பட்டனை அழுத்தினான். உள்ளறையில் குறட்டை நின்றது.

"யார்ரா அது, கதவ இடிக்கிறது?"

"ஒண்ணுமில்லப்பா, நீ தூங்கு!"

'டிஸ்கோ'. இருமல். 'மார்ச்'. கட்டில் கிறீச்சிட்டது.

"டேய், வேற பட்டன அமுக்குடா. எழுந்து வந்தார்னா நீயும் உன் பொட்டியும் தெருவுலதான்" என்றாள் அபி.

தமிழ்மாறன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழுத்தினான். 'போஸா நோவா'. அவசரமில்லாமல், லேசாகச் சாய்ந்து நடக்கிற தாளம். உள்ளே குறட்டை மறுபடி தொடங்கியது.

அந்தக் குழுவின் பாணி பிறந்தது இப்படித்தான்.*

* அது பிரேசில் நாட்டு இசை என்று ஆறு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை அது ஒரு பட்டன்.

3

இங்கே எனக்கு அபியின் மேல் சந்தேகம் வருகிறது. அவள் நிஜமாகவே கோபக்காரியா? அவள் பாட்டின் பல்லவி 'எழுந்திரு, எழுந்திரு'. அப்பா எழுந்துவிடாதபடி அதைப் பாட ஏழு மாதம் பழகினாள். கோபம் அதற்குள் கரைந்துவிட்டது [அல்லது ஊறிவிட்டது, எதை அடிப்பது?]. அவளுக்கே குழப்பம்தான்.

தெளிவாக இருந்தது ஒன்று. சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

"நீ பாடி நான் கேட்டதே இல்லியேம்மா" என்றார் குழந்தைவேல், சோற்றைப் பிசைந்தபடி.

"ஏழு மாசமா உன் தலமாட்டுலதான் பாடிகினு இருக்கோம்!"

"நான் தூங்கிகினு இல்ல இருந்தேன்?"

"இப்பப் பாடவா?"

"வூட்ல பாடினா எனக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கெழம புத்தகக் கண்காட்சி மேடையில நீ பாடறப்ப நாலு பேரோட ஒக்காந்து கேக்கறேன். சரியா வந்தா அங்கியே கையெழுத்துப் போட்டுடறேன்."

4

ஞாயிறு மாலை ஏழு மணி. ஷிப்டுக்குப் போகிற வழியில் இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பாக்ஸுமாக அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பையில் பேனா. பக்கத்து நாற்காலி காலி.

மேடைக்குப் பின்னால் அபி கேட்டாள். "இன்னிக்குக் கத்தியே பாடிடட்டாடா?"

"ராக் பட்டன்ல நாம ஒரு நாளாவது பழகியிருக்கமா? சும்மா இருடி" என்றான் தமிழ்மாறன்.

மேடை ஏறினார்கள். அவன் பட்டனை அழுத்தினான். நான்காவது தட்டில் குழந்தைவேலின் தலை சாய்ந்தது. ஏழு மாதமாக அந்தத் தாளத்துக்குத் தூங்கிப் பழகிய உடம்பு.

அபி பார்த்துவிட்டாள். வாய் தன்பாட்டுக்குச் சரணத்தைப் பாடியது. கண் அவரிடமே இருந்தது.

முடிவு அ: பல்லவியில் கத்துகிறாள். அவர் விழித்து, கண் கலங்கி (கலங்காது. "யார்ரா அது" என்பார்.)

முடிவு ஆ: மெல்லவே பாடி முடிக்கிறாள். அந்தத் தூக்கமே அவள் பாட்டுக்குக் கிடைத்த (அழகுதான். கையெழுத்து யார் போடுவது?)

முடிவு இ: மின்வெட்டு. (நெய்வேலியிலா?)

5

பக்கத்து நாற்காலி காலி என்று எழுதினேன். பொய். அதில் நான் இருந்தேன். வடக்குத்து சங்கதியெல்லாம் பிற்பாடு தமிழ்மாறன் சொன்னது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தோளில் ஒரு மனிதரின் தலை, மேடையிலிருந்து என்னைப் பார்க்கும் ஒரு பெண். அவள் புருவம் உயர்ந்தது. எழுப்பு என்றாளா, விடு என்றாளா?

நான் ஒன்று செய்தேன். அது சரியா என்று மூன்று வருடமாகப் புரியவில்லை. அதனால் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். மெதுவாக, அவர் தலை சரிந்துவிடும். டிபன் பாக்ஸ் காலடியில் இருக்கிறது, தட்டிவிடாதீர்கள்.

சரணத்தின் கடைசி வரி முடிந்தது. அபி உங்களைப் பார்க்கிறாள். பல்லவிக்கு மூச்சை இழுக்கிறாள்.